முதல் 446 பைட்டுகள்: இரண்டு சிஸ்டம் போட்ட கணினி ஏன் எழும்ப மறுக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருப்பவர்களும், வீட்டில் பிள்ளையின் லெப்டொப்பில் விண்டோஸுடன் லினக்ஸையும் போட்டுப் பார்க்க நினைப்பவர்களும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன தவணையில் ஒரு திங்கட்கிழமை காலை. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான நாங்கள் இருவரும் கதவைத் திறந்து ஒவ்வொரு கணினியாகப் போட்டுக்கொண்டு வந்தோம். மூலையில் இருக்கும் பழைய கணினி மட்டும் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரிகள். "அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே "கிரப் ரெஸ்கியூ" என்று ஒரு வரி, பக்கத்தில் கண் சிமிட்டும் கோடு. அவ்வளவுதான்.

அந்தக் கணினியில்தான் தரம் 11 பிள்ளைகளின் செயற்றிட்டக் கோப்புகள் இருந்தன. மூன்று வருட வினாத்தாள்களும் அதில்தான். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது எங்கள் பிழை. ஒளித்துப் பேச ஒன்றுமில்லை.

பின்னால் நின்ற ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "எல்லாம் பெய்த்தா ஸேர்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. தெரிந்த ஒருவருக்குக் கோல் எடுத்தோம். "ஃபோமட் பண்ணுங்க ஸேர், அரை மணித்தியாலத்துல முடிஞ்சிடும்" என்றார். நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் அன்று அதைக் கேட்டு நடந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் ஒரு தவணை வேலை உண்மையாகவே போயிருக்கும். ஏனென்றால் அந்த நேரம் வரை ஒரு கோப்புக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

ஏன் அப்படி? அதைச் சொல்ல நாற்பது வருடத்துக்கு மேலான ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அந்த வரலாறு தெரிந்தால், கணினி எழும்பாத நேரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

■ கணினிக்குக் காலையில் ஒன்றுமே ஞாபகமில்லை

மின்சாரம் கொடுத்த அந்த நொடியில் கணினியின் நினைவகம் வெறுமையானது. விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தட்டிலிருந்து ஒரு புரோகிராமை வாசிக்க வேண்டும் என்றால், எப்படி வாசிப்பது என்று சொல்லித் தர இன்னொரு புரோகிராம் தேவை. அதை யார் கொண்டு வந்து வைப்பது?

1975இல் வந்த ஒல்டேர் 8800 என்ற கணினியில் அந்த வேலையை மனிதர்தான் செய்தார். முன்பக்கத்தில் உள்ள ஆளிகளை மேலும் கீழும் தட்டித் தட்டி, முதல் புரோகிராமைக் கையால் உள்ளே போட வேண்டும். அது போனபிறகுதான் மற்றதை இயந்திரம் வாசிக்கும். சப்பாத்தின் பின்பக்க வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. "பூட்" என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது.

1981 ஓகஸ்டில் ஐபிஎம் பீசி வந்தது. அதில் பயோஸ் என்ற சிறிய புரோகிராம் ஒரு சிப்பிலேயே பதிந்து வந்தது. அதன் வேலை எளிது. பிளொப்பி தட்டின் முதலாவது செக்டரை, அதாவது முதல் 512 பைட்டுகளை, நினைவகத்துக்கு எடுத்துவந்து அதனிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். அந்த 512 பைட்டுக்குள் யார் இருக்கிறார் என்று பயோஸ் கேட்காது. முதலில் நிற்பவர் யாரோ அவர்தான் அதிகாரி.

■ நான்கு அறை, ஒரே வாசல்

1983 மார்ச்சில் ஐபிஎம் பீசி எக்ஸ்டி வந்தது. 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், கூடவே டொஸ் 2.0. (இன்று போனில் எடுக்கும் இரண்டு மூன்று படம் அந்த ஹார்ட் டிஸ்க்கை நிரப்பிவிடும்.) பிளொப்பியைக் கழற்றி வேறு சிஸ்டம் போடலாம். பெட்டிக்குள் பூட்டிய ஹார்ட் டிஸ்க்கை அப்படி மாற்ற முடியாது. ஆகவே ஒரே தட்டைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. அதுதான் மாஸ்டர் பூட் ரெக்கோர்ட் என்கிற எம்பிஆர்.

அதன் கணக்கைப் பாருங்கள். முதல் செக்டரின் 512 பைட்டுகளில் 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்டு, ஆகவே நான்கு பார்ட்டிஷன்கள். கடைசி 2 பைட்டுகள் முத்திரை. மிச்சம் 446 பைட்டுகள். கணினியை எழுப்பும் புரோகிராம் அந்த 446 பைட்டுக்குள் அடங்க வேண்டும். இந்தப் பதிவின் ஒரு பந்தியைக் கூட அதற்குள் அடைக்க முடியாது.

நான்கு அறை வைத்துக் கட்டியதன் காரணமே வெவ்வேறு சிஸ்டங்கள் ஒரே தட்டில் குடியிருக்கலாம் என்பதுதான். ஆனால் வாசல் ஒன்றே ஒன்று. அட்டவணையில் எந்தப் பார்ட்டிஷனுக்கு "செயலில் உள்ளது" என்று அடையாளம் போட்டிருக்கிறதோ அதையே வாசல்காரர் எழுப்புவார். "எதற்குப் போக வேண்டும்?" என்று உங்களிடம் கேட்கும் வசதி அந்த 446 பைட்டில் இருக்கவில்லை.

இரட்டை பூட் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தன. தரவு இருக்கும் இடம் வேறு, எழுப்பும் இடம் வேறு. எழுப்பும் இடத்தில் கோளாறு வந்தால் தரவு போய்விட்டது போலத் தெரியும். உண்மையில் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

■ அதே வாசலில் கள்வர்கள்

கேட்காமல் நம்பும் வாசலைக் கள்வர்களும் கண்டுகொண்டார்கள். 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பாஸித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் எழுதிய "பிரெய்ன்" வைரஸ் பிளொப்பியின் பூட் செக்டரில் போய் அமர்ந்தது. உண்மையான பூட் செக்டரை வேறோர் இடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தைப் பழுதானது என்று குறித்து வைத்தது. ஐபிஎம் பீசி உலகின் முதல் வைரஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பின் இதே இடத்தில் குடியேறிய வைரஸ்கள் பல. 1992 மார்ச் 6ஆம் திகதிக்குக் காத்திருந்து தட்டை அழித்த "மைக்கலெஞ்சலோ" அவற்றில் ஒன்று.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், இருபது வருடம் கழித்து இந்த வாசலுக்கு ஒரு பெரிய பூட்டு வந்தது. அந்தப் பூட்டு இன்று லினக்ஸ் போடுபவர்களையும் சில நேரம் வெளியே நிறுத்துகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

■ எல், ஐ, எல், ஓ

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். ஏற்கனவே டொஸ் இருந்த கணினிகளில்தான் பலரும் அதைப் போட்டார்கள். ஆகவே "எதற்குப் போக வேண்டும்?" என்று கேட்கும் வாசல்காரர் ஒருவர் அவசியமானார். ஐபிஎம் தனது ஓஎஸ்/2 உடன் 1992இல் அப்படியொன்றைக் கொடுத்தது. லினக்ஸ் உலகில் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய "லிலோ" நீண்ட காலம் அந்த வேலையைச் செய்தது.

லிலோவின் ஒரு பழக்கம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். எழும்பும்போது தன் பெயரின் நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி முடிந்ததன் அடையாளம். முதல் "எல்" வந்தால் முதற்கட்டப் புரோகிராம் ஓடத் தொடங்கிவிட்டது. "எல் ஐ" என்று நின்றுவிட்டால் இரண்டாம் கட்டத்தைக் கொண்டுவந்தது, ஆனால் அதனை ஓட்ட முடியவில்லை. "எல் ஐ எல்" என்று நின்றால் இரண்டாம் கட்டமும் தொடங்கிவிட்டது, அடுத்ததாகத் தேவையான விபரத்தை வாசிக்க முடியவில்லை. ஒன்றுமே வராவிட்டால் லிலோவே கைக்கு வரவில்லை. 446 பைட்டுக்குள் நீளமான பிழைச் செய்தி வைக்க இடமில்லை. அதனால் தன் பெயரையே நோய்க்குறி ஆக்கினார்கள்.

லிலோவுக்கு ஒரு குறை இருந்தது. அதற்குக் கோப்பின் பெயர் தெரியாது. தட்டில் எந்த இடத்தில் லினக்ஸ் கேர்னல் இருக்கிறது என்று இலக்கத்தை மட்டும் எழுதி வைத்திருக்கும். புதிய கேர்னல் போட்டுவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால், அடுத்த முறை அது பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டும்.

இன்னொரு தொல்லை பயோஸின் கண் எட்டும் தூரம். பழைய முறையில் அதற்கு 1024 சிலிண்டருக்கு அப்பால் வாசிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் அது 528 மெகாபைட் எல்லை. பிறகு கணக்கை மாற்றி 8.4 கிகாபைட் ஆக்கினார்கள். தட்டு அதைவிடப் பெரிதாகி, லினக்ஸின் பூட் கோப்பு அந்த எல்லைக்கு அப்பால் விழுந்தால் கணினி எழும்பாது. தட்டின் தொடக்கத்திலேயே "/பூட்" என்று ஒரு சிறு பார்ட்டிஷன் வைக்கும் பழக்கம் பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம். காரணம் மறைந்த பிறகும் பழக்கம் பல காலம் இருந்தது.

■ "முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்"

இந்த வாசகத்தைக் கேள்விப்படாதவர் இல்லை. காரணம் இதுதான். விண்டோஸை நிறுவும்போது அது அந்த 446 பைட்டில் தன் ஆளை வைத்துவிடும். அங்கே முன்னர் யார் இருந்தார் என்று பார்க்காது. லினக்ஸ் பார்ட்டிஷன் அப்படியே இருக்கும், போகும் வழி மட்டும் இராது. லினக்ஸை இரண்டாவதாகப் போட்டால் அதன் வாசல்காரர் விண்டோஸுக்கும் வழி விடுவார். ஆகவே அந்த ஒழுங்கு.

டொஸ் காலத்தில் எஃப்டிஸ்க் என்ற கட்டளையுடன் "எம்பிஆர்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து அடித்தால், அட்டவணையைத் தொடாமல் 446 பைட்டை மட்டும் புதிதாக எழுதிவிடும். கையேட்டில் அது இல்லை. பழுது பார்ப்பவர்கள் வாய்வழியாகக் கடத்தினார்கள். பிற்காலத்தில் விண்டோஸ் திருத்தும் தட்டில் வந்த பூட்ரெக் கட்டளை செய்வதும் அதே வேலைதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "மங்கி" என்ற பூட் வைரஸ் பார்ட்டிஷன் அட்டவணையைக் குழப்பி மறைத்துத் தானே நடுவில் நின்று வழி காட்டும். அது இருந்த கணினியில் நோயை அறியாமல் இந்தக் கட்டளையை அடித்தவர்கள், வழி காட்டியையும் சேர்த்து அழித்தார்கள். தட்டில் இருந்த பார்ட்டிஷன்களே கண்ணுக்குத் தெரியாமல் போயின. நோய் தெரியாமல் மருந்து கொடுத்தால் இப்படியும் நடக்கும்.

■ கிரப் வந்தது

1995இல் எரிக் போலின் என்பவர் ஹேர்ட் என்ற வேறொரு சிஸ்டத்தை எழுப்பப் பாடுபட்டபோது எழுதத் தொடங்கியதுதான் கிரப். 1999இல் அது குனூ திட்டத்துக்குள் வந்தது. பின்னர் முழுவதும் புதிதாக எழுதப்பட்ட கிரப் 2, 2012இல் 2.00 என்ற இலக்கத்தைத் தொட்டது.

லிலோவுக்கும் கிரப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம், கிரப்புக்குக் கோப்பு வாசிக்கத் தெரியும். தட்டிலுள்ள பட்டியலைத் திறந்து பெயர் சொல்லித் தேடும். ஆனால் இவ்வளவு அறிவும் 446 பைட்டுக்குள் அடங்காது. ஆகவே பழைய எம்பிஆர் தட்டுகளில் கிரப் மூன்று துண்டாக இருக்கும். சிறு துண்டு முதல் செக்டரில். நடுத் துண்டு அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையே உள்ள வெற்று இடத்தில். மிச்சம் முழுவதும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்.

அந்த வெற்று இடம் யாருக்கும் சொந்தமில்லாத காணி மாதிரி. விண்டோஸில் ஓடும் சில மென்பொருட்கள் தங்கள் உரிமப் பதிவை ஒளித்து வைக்க அதே இடத்தில் எழுதின. 2010 அளவில், விண்டோஸில் ஏதோ ஒரு மென்பொருளைத் திறந்ததற்காக அடுத்த நாள் லினக்ஸ் எழும்பாமல் போன முறைப்பாடுகள் வந்தன. கிரப்பை எழுதியவர்கள் அந்தச் செக்டர்களை அடையாளம் கண்டு தாண்டிப் போகும் ஏற்பாட்டைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் திங்கட்கிழமைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் செய்தது இது. லினக்ஸின் புதிய பதிப்பைப் போடுவதற்காக, விண்டோஸிலிருந்து பழைய லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தோம். அதற்குள் நேரம் போய்விட்டது. "மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்ப்போம்" என்று நிறுத்திவிட்டுப் போனோம்.

கிரப்பின் முதல் இரண்டு துண்டும் தட்டின் தொடக்கத்தில் அப்படியே இருந்தன. மூன்றாவது துண்டு நாங்கள் அழித்த பார்ட்டிஷனுக்குள் இருந்தது. காலையில் எழும்பிய கிரப் அதைத் தேடிப் போனது, காணவில்லை. "அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை" என்றது. அது பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அழித்தோம்.

அந்த ரெஸ்கியூ வரியில் எல்எஸ் என்று இரண்டு எழுத்தை அடித்து என்டர் தட்டினால், கிரப் தன் கண்ணுக்குத் தெரியும் பார்ட்டிஷன்களைப் பட்டியல் போடும். அடித்தோம். விண்டோஸின் பார்ட்டிஷன்கள் பட்டியலில் இருந்தன. அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒண்டும் போகல்ல மகள், வழிதான் அடைபட்டிருக்கு" என்றோம்.

■ வாசல் இடம் மாறியது

புதிய கணினிகளில் இந்தக் கதை வேறு. 1990களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் தனது இட்டேனியம் கணினிகளுக்காகப் பயோஸுக்குப் பதிலாக ஈஎப்ஐ என்ற ஒன்றை உருவாக்கியது. 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றத்தின் கைக்கு அது வந்து யூஇஎப்ஐ ஆனது. பழைய எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாதது. அதற்குப் பதிலாக வந்த ஜிபிடி முறையில் வழமையாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடமுண்டு.

இரட்டை பூட் செய்பவருக்கு இது நல்ல செய்தியாக இருந்தது. 446 பைட்டுக்காக அடிபடத் தேவையில்லை. தட்டில் ஈஎப்ஐ என்று தனியாக ஒரு சிறு பார்ட்டிஷன். அதில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒவ்வொரு கோப்புறை. யாரும் யாருடையதையும் அழிக்கத் தேவையில்லை. எது முதலில் என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் மோதல் தீரவில்லை, இடம்தான் மாறியது. இப்போது அடிபடுவது அந்த வரிசைக்காக. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்றின் பின்னர் லினக்ஸ் மெனு காணாமல் போனால், பெரும்பாலும் வரிசையில் விண்டோஸ் முன்னுக்கு வந்திருக்கும். மதர்போர்டின் செட்டிங்கில் போய் வரிசையை மாற்றினாலே போதும். எதையும் அழித்து எழுதத் தேவையில்லை.

மதர்போர்டு செய்பவர்களும் எல்லோரும் விதியை ஒழுங்காக வாசிக்கவில்லை. 2012இல் மெத்தியூ கெரட் என்ற லினக்ஸ் நிபுணர் லெனோவோவின் திங்க்சென்டர் கணினி ஒன்றை ஆராய்ந்தார். அது எழுப்ப வேண்டியதன் பெயரைப் பார்த்தது. "விண்டோஸ் பூட் மெனேஜர்" அல்லது "ரெட் ஹெட் என்டர்பிரைஸ் லினக்ஸ்" என்று பெயர் இருந்தால் மட்டுமே விட்டது. அந்தப் பெயர் மனிதர் வாசிப்பதற்கு மட்டுமே என்று விதியில் இருந்தும் இப்படி. வேறு லினக்ஸ் போட்டவர்கள் தாங்கள் என்ன பிழை விட்டோம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். பிழை அவர்களிடம் இல்லை.

நாங்கள் அதிகம் காணும் பிழை இன்னொன்று. விண்டோஸ் யூஇஎப்ஐ முறையில் இருக்கும். லினக்ஸ் பென் டிரைவைப் பழைய பயோஸ் முறையில் எழுப்பி நிறுவிவிடுவோம். இரண்டும் நன்றாகவே இருக்கும், ஆனால் ஒன்றையொன்று காணாது. லினக்ஸ் மெனுவில் விண்டோஸ் இராது. பென் டிரைவை எழுப்பும் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தரம் காட்டினால், யூஇஎப்ஐ என்று எழுதியதைத் தெரிவு செய்யுங்கள். இந்த ஒரு வரி பல பேரின் ஒரு நாளைக் காப்பாற்றும்.

■ பூட்டும் சாவியும்

முன்னர் சொன்ன பூட்டு இதுதான்: செக்யூர் பூட். கையொப்பம் இல்லாத எதையும் வாசலில் விடாதே என்ற ஏற்பாடு. 2012 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 8 முத்திரையுடன் விற்பனைக்கு வந்த கணினிகளில் இது இயக்கிய நிலையிலேயே வந்தது. பிரெய்ன் வைரஸ் காலத்திலிருந்து திறந்து கிடந்த வாசலுக்கு இது நியாயமான பூட்டு. ஆனால் பெரும்பாலான கணினிகளில் பதிந்து வந்த சாவி மைக்ரோசொஃப்டினுடையது. அப்போது லினக்ஸ்?

2011இலேயே இந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கிளப்பியவரும் மெத்தியூ கெரட்தான். தீர்வாக "ஷிம்" என்ற சிறு புரோகிராம் எழுதப்பட்டது. அதற்கு மட்டும் மைக்ரோசொஃப்டின் கையொப்பம். ஷிம் உள்ளே போய், கிரப்பின் கையொப்பத்தைத் தானே சரிபார்த்து அழைத்துவரும். இன்று உபுண்டு, பெடோரா போன்றவை செக்யூர் பூட் இருந்தாலும் எழும்புவது இதனால்தான்.

2020 ஜூலையில் "பூட்ஹோல்" என்ற ஓட்டை வெளியே வந்தது. கிரப்பின் அமைப்புக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, அதற்குக் கையொப்பம் இல்லை. அதில் விஷமமாக எழுதினால் கிரப்பையே கைப்பற்றலாம். உடனே திருத்தம் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தைப் போட்ட சில ரெட் ஹெட் கணினிகள் எழும்பவில்லை. ஓட்டையை அடைக்கப் போய் வாசலே அடைபட்டது.

பழைய கிரப்களை ஒவ்வொன்றாகத் தடை செய்வது முடியாத காரியம் என்று கண்டு, 2021இல் தலைமுறை இலக்கம் வைக்கும் எஸ்பாட் முறை வந்தது. இந்த இலக்கத்துக்குக் கீழுள்ள எதையும் விடாதே என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். 2024 ஓகஸ்ட் 13ஆம் திகதி விண்டோஸ் அப்டேட் ஒன்று அந்த வரியை எழுதியது. இரட்டை பூட் கணினிகளில் இது எழுதப்படாது என்பதுதான் மைக்ரோசொஃப்டின் ஏற்பாடு. ஆனால் பல கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அது கண்டுபிடிக்கவில்லை. "ஏதோ பாரதூரமாகப் பிழைத்துவிட்டது" என்ற அர்த்தத்தில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அந்தக் கணினிகளில் லினக்ஸ் எழும்ப மறுத்தது.

அப்போதும் எத்தனை பேர் ஃபோமட் அடித்திருப்பார்கள்? தேவையே இருக்கவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸை எழுப்பி, மொக்யூட்டில் என்ற கருவியால் அந்த எஸ்பாட் கொள்கையை நீக்கி, மறுபடி எழுப்பிய பின் செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டால் சரி. ஒரு எழுத்துக் கூட அழியாது.

■ நாங்கள் செய்தது

எங்கள் பழைய கணினிக்கு இந்தப் பூட்டெல்லாம் இல்லை. முதலில் லினக்ஸ் பென் டிரைவில் இருந்து, எதையும் நிறுவாமல், நேரடியாக எழுப்பினோம். விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்தோம். பிள்ளைகளின் கோப்புறை, வினாத்தாள்கள் எல்லாம் இருந்தன. முதல் வேலையாக அவற்றை வெளித் தட்டுக்குப் பிரதி எடுத்தோம். அது முடியும் வரை வேறெதிலும் கை வைக்கவில்லை.

பிறகு வெற்றிடத்தில் புதிய லினக்ஸை நிறுவினோம். அது கிரப்பின் மூன்று துண்டையும் புதிதாக எழுதியது. மெனு வந்தது. ஆனால் மெனுவில் விண்டோஸ் இல்லை! மறுபடி வயிற்றைக் கலக்கியது. தேடியபோது காரணம் தெரிந்தது. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்றச் சிஸ்டங்களைத் தேடிப் பார்க்கும் வேலை பாதுகாப்புக்காக இயல்பில் நிறுத்தப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி, மெனுவைப் புதுப்பித்ததும் விண்டோஸ் வந்து நின்றது.

கடைசியாக ஒரு வேடிக்கை. காலை 11 மணி, விண்டோஸில் 5.30 காட்டுகிறது. பற்றரி போய்விட்டதோ என்று யோசித்தோம். இல்லை. 1984இல் ஐபிஎம் ஏடி கணினியில் பற்றரியுள்ள மணிக்கூடு வந்தபோது டொஸுக்கு நேர வலயம் என்றால் என்னவென்று தெரியாது. உள்ளூர் நேரத்தையே எழுதியது. விண்டோஸ் அந்தப் பழக்கத்தை இன்றும் விடவில்லை. லினக்ஸ் அதே மணிக்கூட்டில் சர்வதேச நேரத்தை எழுதுகிறது. நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸுக்கு "நீயும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்" என்று ஒரு கட்டளை கொடுத்தோம், தீர்ந்தது. அஸர் பாங்கு சொல்லும்போது ஆய்வுகூடத்தைப் பூட்டினோம்.

■ ஆகவே

உங்கள் கணினி எழும்பாவிட்டால் இந்த வரிசையில் கேளுங்கள்.

1. திரையில் என்ன எழுதியிருக்கிறது? போனில் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு நோய்க்குறி.

2. கடைசியாக நாம் என்ன செய்தோம்? பார்ட்டிஷன் அழித்தோமா, அப்டேட் போட்டோமா, செட்டிங் மாற்றினோமா?

3. பென் டிரைவில் லினக்ஸை எழுப்பினால் கோப்புகள் தெரிகின்றனவா? தெரிந்தால் முதலில் பிரதி. விண்டோஸை முழுமையாக நிறுத்தாமல் வேகத் தொடக்கம் என்ற வசதியால் உறங்க வைத்திருந்தால் அந்தப் பார்ட்டிஷனில் எழுத முடியாமல் இருக்கலாம், வாசித்துப் பிரதி எடுக்கலாம்.

4. கணினி எந்த முறை? பழைய எம்பிஆர் என்றால் தட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். யூஇஎப்ஐ என்றால் முதலில் பூட் வரிசையையும், பிறகு செக்யூர் பூட்டையும் பாருங்கள்.

5. இவை எல்லாம் முடிந்த பின்னரே எழுதும் கட்டளை எதையும் அடியுங்கள். ஃபோமட் என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

ஒல்டேரின் ஆளிகளில் இருந்து இன்றைய கையொப்பம் வரை இந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது: முதலில் எழும்புபவர் யார்? அந்த இடத்துக்கான போட்டியில் தரவுக்குப் பங்கில்லை. போட்டியில் தோற்றவர் அறைக்குள் இருந்துகொண்டுதான் இருக்கிறார். அவரைக் கொல்வது பெரும்பாலும் எங்கள் அவசரம்.

அந்தப் பிள்ளைகள் செயற்றிட்டத்தை உரிய நாளில் ஒப்படைத்தார்கள். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் வெளித் தட்டுக்குப் பிரதி எடுப்பது அவர்களின் பொறுப்பு. அன்று கேள்வி கேட்ட பிள்ளைதான் பொறுப்பாளர். போன கிழமை நாங்கள் அவசரமாக வெளிக்கிட்டபோது நிறுத்திக் கேட்டாள்: "ஸேர், கொப்பி எடுத்தாச்சா?"

உங்களுக்கு இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். திரையில் வந்த எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள், யோசித்துப் பார்ப்போம். யாராவது ஃபோமட் அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இதைப் பகிருங்கள்.